விடலைக் காதலும் வாழைத் தாரும்

திருவையாறு பஸ் நிலையத்தருகே ஒரு டீக்கடை. மாலையில் பள்ளிக்கூடம் விட்டதும் பிளஸ்-டூ பையன்கள் நாலைந்து பேர் அங்கே கூடுவார்கள். ஒரு டீயை இரண்டாகப் பங்கு போட்டுக்கொண்டு அரை மணி நேரம் நிற்பார்கள். கண்டியூர்ப் பக்கம் போகும் டவுன் பஸ்ஸில் ஒரு பெண் ஏறுகிறாள். அவர்களில் ஒருவன், தன் ஊர் எதிர்த்திசையில் இருந்தும், தினம் அதே பஸ்ஸில் தொற்றிக்கொள்கிறான். ஒரு நாள் அந்தப் பெண் திரும்பி நின்று, நாலு பேர் காதில் விழும்படி, "என் பின்னாடி வராதே" என்று சொல்லிவிட்டாள். பையன் முகம் தொங்கிப் போய் டீக்கடைக்குத் திரும்பி வந்தான். சிநேகிதன் தேறுதல் சொன்னான்: "விடு மாப்ள! படத்துல பாத்ததில்லையா? மொதல்ல திட்டுவாளுக. இடைவேளைக்கு அப்பறம் தானா வருவாளுக."

இந்த வாக்கியத்தைப் பற்றித்தான் இந்த வாரம் எழுத நினைக்கிறோம்.

அந்தப் பையன் மீது நமக்குக் கோபமில்லை. பதினாறு பதினேழு வயதில் மனசு எங்காவது போய் ஒட்டிக்கொள்ளத்தான் செய்யும். பெரும்பாலும் தப்பான இடத்தில்தான் ஒட்டும். இதை எழுதுகிற நாமும் ஒரு காலத்தில் அரும்பு மீசையைத் தடவிக்கொண்டு, காரணமில்லாமல் ஒரு தெருவில் நாலு தடவை சைக்கிள் விட்டவர்கள்தான். நம் முன்னோருக்கும் இது தெரியாத சங்கதி அல்ல. காதலின் பக்குவம் வராத இளம்பெண்ணிடம் ஒருவன் போய்ப் பேசுகிறான். அவளிடமிருந்து பதில் வருவதில்லை. ஆனாலும் தன் பேச்சிலேயே தான் இன்புற்று நிற்கிறான். இதற்குத் தொல்காப்பியர் கைக்கிளை என்று பெயர் வைத்தார். அன்பின் ஐந்திணையில் அதைச் சேர்க்காமல் வெளியே நிறுத்தினார். திருவையாறு அரசர் கல்லூரியில் தமிழ் படித்த எவரும் இதைச் சொல்வார்கள். பதில் வராத இடத்தில் பேசுவது காதலாகாது என்பது இரண்டாயிரம் வருஷத்துப் பாடம். இடைவேளைக்கு அப்புறம் தானாக வரும் என்பது பட முதலாளிகள் சொல்லிக் கொடுத்த பாடம்.

அவர்கள் ஏன் இப்படிச் சொல்லிக் கொடுக்க வேண்டும்? சங்கதி எளிது. முதல் நாள் முதல் காட்சிக்கு டிக்கெட் வாங்குகிறவன் இந்த வாலிபன். வேலை நிச்சயமில்லை, கையில் காசில்லை, வீட்டில் மதிப்பில்லை. அவனுக்கு இரண்டரை மணி நேரம் ஒரு வெற்றியை விற்க வேண்டும். நிலத்தையோ கூலியையோ பற்றிய வெற்றியை விற்றால் வம்பு. பெண்ணை மடக்கிய வெற்றியை விற்பது லேசு. ஆகவே நாற்பது வயது நட்சத்திரம் கல்லூரி மாணவன் வேஷம் கட்டிக்கொண்டு பெண்ணின் பின்னால் போகிறார். அவள் முறைக்கிறாள். அவர் பாடுகிறார். அவள் அடிக்கிறாள். அவர் சிரிக்கிறார். கடைசியில் அவள் அழுதுகொண்டே வந்து சேருகிறாள். இதில் சிரிப்பூட்டும் பாத்திரமாக வருவது கூட வருகிற தோழன். கதாநாயகனின் அசட்டுத்தனமோ வீரம் என்று பெயர் சூடிக்கொள்கிறது.

2024ஆம் ஆண்டு நவம்பர் 20ஆம் தேதி, இதே தஞ்சை மாவட்டத்தில், மல்லிப்பட்டினம் அரசுப் பள்ளியில், பணியில் இருந்த இளம் ஆசிரியை ஒருவர் பள்ளி வளாகத்திலேயே கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். பெண் கேட்டு மறுக்கப்பட்டவன் குத்தினான் என்பது வழக்கு. குத்தியவனை ஒரு சினிமாதான் அனுப்பியது என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது மலிவான வாதம். ஆனால் பெண் "மாட்டேன்" என்று சொன்னால் அதன் பொருள் "மாட்டேன்" என்பதுதான் என்ற எளிய விஷயத்தை இந்த நாட்டுப் பையன்களுக்கு எந்தப் பள்ளிக்கூடம், எந்தக் கோயில், எந்தக் கொட்டகை சொல்லிக் கொடுத்திருக்கிறது என்று கேட்கிறோம்.

சில கொட்டகைகளில் சில படங்கள் சொல்லத்தான் செய்தன. அவை பெரும்பாலும் சிறிய படங்கள்.

1979இல் பாலு மகேந்திரா 'அழியாத கோலங்கள்' எடுத்தார். கிராமத்துப் பையன்கள் மூவர் புதிதாக வந்த ஆசிரியை மீது ஒரே சமயத்தில் மயங்குகிறார்கள். ஷோபா அந்த ஆசிரியையாக வந்தார். அவருக்கு ஏற்கெனவே ஒருவரோடு மண நிச்சயம் என்று தெரிந்ததும் பையன்கள் அடைகிற துக்கம் நமக்குச் சிரிப்பாக இருக்கிறது. அவர்களுக்கு உலகமே முடிந்துவிட்டது. படம் அந்தச் சிரிப்போடு நிற்காமல், மூவரில் ஒருவனை ஆற்றில் பறிகொடுத்து முடிகிறது. ஆசிரியையை யாரும் மடக்கவில்லை. பையன்கள் வளர்ந்தார்கள், அவ்வளவுதான்.

வெளிநாட்டிலும் இந்த ரகத்துக்கு நல்ல உதாரணங்கள் உண்டு. 1964இல் செக்கோஸ்லோவாகியாவில் மிலோஷ் போர்மன் எடுத்த 'கருப்பு பீட்டர்' படத்தில், கடையில் திருடர்களைக் கண்காணிக்கும் வேலைக்கு வைக்கப்பட்ட ஒரு தொழிலாளிப் பையன், வேலையிலும் தடுமாறுகிறான், பெண்ணிடமும் தடுமாறுகிறான். வீட்டில் தகப்பனார் ஓயாமல் உபதேசம் செய்கிறார். 1981இல் ஸ்காட்லாந்தில் பில் போர்சைத் மிகக் குறைந்த செலவில், கிளாஸ்கோ இளைஞர் நாடகக் குழுவின் பிள்ளைகளை நடிக்க வைத்து, 'கிரிகரியின் பெண்' எடுத்தார். கால்பந்துக் குழுவில் கிரிகரியின் இடத்தை ஒரு பெண் தன் ஆட்டத்திறமையால் பிடித்துக்கொள்கிறாள். பையன் கோபப்படுவதற்குப் பதில் அவள் மீது மையல் கொள்கிறான். அவள் இவனை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பெண்பிள்ளைகள் தங்களுக்குள் பேசிவைத்து, உண்மையில் அவனைப் பிடித்திருக்கும் வேறொரு பெண்ணிடம் அவனைக் கொண்டு சேர்க்கிறார்கள். படம் முழுக்கச் சிரிப்பு. அந்தச் சிரிப்பு எப்போதும் பையனைப் பார்த்து. ஒரு தடவைகூட அந்தப் பெண்ணைப் பார்த்து அல்ல.

நம் பக்கம் மறுபடி வருவோம். 2018இல் வந்த '96' படத்தைத் தஞ்சைக்காரர்கள் தங்கள் படம் என்று உரிமை கொண்டாடுகிறார்கள். பத்தாம் வகுப்பில் படிக்கும் ராம், ஜானுவின் கை நெஞ்சில் பட்டதும் மயங்கி விழுகிறான். கொட்டகை கலகலக்கிறது. பிறகு ஒரு நாள் அவன் வகுப்பில் இல்லை. தகப்பனாரின் கடன் நெருக்கடியில் குடும்பமே தஞ்சாவூரை விட்டுப் போய்விட்டது. படம் பார்த்தவர்கள் ராமின் கூச்சத்தைப் பற்றியே பேசினார்கள். கடனைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. இரு பிள்ளைகளைப் பிரித்தது விதியல்ல, வட்டி.

2019இல் ஹலிதா ஷமீம் எடுத்த 'சில்லுக்கருப்பட்டி'யில் நாலு கதைகள். முதல் கதையில் குப்பைமேட்டில் பொறுக்கும் ஒரு சிறுவன், குப்பையோடு வந்த பையில் கிடைத்த படத்தைப் பார்த்து ஒரு பணக்கார வீட்டுப் பெண் மேல் பிரியம் வைக்கிறான். அவள் மோதிரம் குப்பையில் வந்து சேருகிறது. விற்றால் எத்தனை நாள் சாப்பாடு! அவனோ அதை அவளிடம் சேர்ப்பிக்க அலைகிறான். அசட்டுத்தனம்தான். ஆனால் இந்த அசட்டுத்தனம் யாரையும் காயப்படுத்தவில்லை.

இவை எல்லாவற்றையும்விட நம் ஊர்க்காரர்களுக்கு நெருக்கமாக வந்தது 2024 ஆகஸ்டில் வெளியான மாரி செல்வராஜின் 'வாழை'. கதை நடப்பது தாமிரபரணிக் கரையில். ஆனால் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, படுகையெல்லாம் வாழை நிற்கும் திருவையாற்றுச் சுற்று வட்டாரத்தில், தார் சுமந்து கழுத்து இறுகிப்போன ஆட்கள் எத்தனை பேர்! இங்கே ஒரு தோழர் வீட்டுத் திண்ணையில் டி.வி. பெட்டியை வைத்து ஒரு மாலை இந்தப் படத்தைப் பார்த்தோம். வாழைக் கொல்லையில் வேலை செய்கிறவர்கள் பதினைந்து இருபது பேர், அவர்கள் வீட்டுப் பையன்கள் பத்துப் பேர்.

சிவனணைந்தான் என்ற பள்ளிச் சிறுவன். தகப்பன் இல்லை. சனி ஞாயிறு வந்தால் தாயோடும் அக்காளோடும் வாழைத் தார் சுமக்கப் போக வேண்டும். அவனுக்குப் பள்ளிக்கூடம் பிடிக்கும். பள்ளிக்கூடத்தைவிடப் பூங்கொடி டீச்சரைப் பிடிக்கும். டீச்சரின் கைக்குட்டை ஒன்று அவன் கைக்கு வருகிறது. அதைப் பொக்கிஷமாக வைத்துக்கொள்கிறான். அவனும் சிநேகிதன் சேகரும் ரஜினி பெரியவரா கமல் பெரியவரா என்று சண்டை போடுகிறார்கள். திண்ணையில் ஒரே சிரிப்பு. பையன் வேலைக்குப் போகாமலிருக்கச் செய்யும் தந்திரங்களைப் பார்த்து ஒரு பெரியவர், "நம்ம பயலும் இதே நாடகந்தான் ஆடுவான்" என்றார். தாரைத் தலையில் ஏற்றிக்கொண்டு வரப்பிலும் சேற்றிலும் நடக்கும் காட்சி வந்தபோது சிரிப்பு அடங்கியது. அந்தப் பெரியவர் தம்மை அறியாமல் பிடரியைத் தடவிக்கொண்டார்.

படத்தில் தாருக்கு ஒரு ரூபாய் கூலி உயர்வு கேட்கிறார்கள். கேட்கத் தலைமை தாங்குகிறவன் கனி என்ற வாலிபன். அரிவாள் சுத்தியல் சின்னமும் படத்தில் வருகிறது. அதற்காக இந்தப் படத்தைப் புகழ நாம் வரவில்லை. சின்னம் வைத்த மோசமான படங்களையும் பார்த்திருக்கிறோம். நாம் சொல்ல வருவது வேறு. கூலியைக் கூட்டிக் கொடுக்க வேண்டி வந்த வியாபாரி, அந்தக் காசை வேறு வழியில் மிச்சம் பிடிக்கிறான். ஆட்களைத் தனி வண்டியில் அனுப்பாமல் தார் ஏற்றிய லாரியின் மேலேயே ஏற்றி அனுப்புகிறான். அன்றைக்குச் சிவனணைந்தான் வேலைக்குப் போகவில்லை. பள்ளி ஆண்டுவிழா நடன ஒத்திகைக்குப் போகிறான். டீச்சர் நடனம் சொல்லிக் கொடுப்பார் அல்லவா! அக்காள்தான் அவனைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு லாரி ஏறுகிறாள். லாரி கவிழ்கிறது.

இயக்குநர் தம் பிள்ளைப் பிராயத்தையும், தம் ஊரார் மாண்ட ஒரு நிஜ விபத்தையும் வைத்துப் படைத்த கதை இது. விடலை மயக்கத்தைப் பற்றி நாம் பார்த்த எந்தப் படமும் இவ்வளவு தூரம் போனதில்லை. ஒரு பையன் தன் வயசுக்கேற்ற அசட்டுத்தனத்தை ஒரு நாள் அனுபவிக்க, அவன் சுமையை இன்னொருவர் சுமக்க வேண்டியிருக்கிறது. சுமக்க ஆள் வைத்திருக்கும் வீட்டில் பிறந்தவனுக்கு இந்தக் கணக்கு வராது. அவன் டீச்சரை எண்ணிப் பெருமூச்சு விடலாம், பரீட்சையில் தவறலாம், அடுத்த வருஷம் வேறு ஊரில் பணம் கட்டிச் சேரலாம். முப்பது வயதில் சிநேகிதர்களிடம் சொல்லிச் சிரிக்கலாம். அசடாக இருந்து, அடிபடாமல் எழுந்து வருவதற்கும் இந்தச் சமுதாயத்தில் வசதி வேண்டியிருக்கிறது.

பையன்களின் கதையே இப்படி என்றால் பெண்களின் கதை என்ன? 2024 ஜனவரியில், பட்டுக்கோட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், தாழ்த்தப்பட்ட சாதி வாலிபரை மணந்த 19 வயதுப் பெண்ணைப் பெற்ற தகப்பனே கொன்றதாக வழக்குப் பதிவாயிற்று. திருப்பூர்ப் பக்கம் வாழ்ந்துவந்த அந்தப் பெண்ணைப் போலீஸ் நிலையத்திலிருந்துதான் வீட்டாரோடு அனுப்பிவைத்திருந்தார்கள். வயது வந்த பெண் யோசித்துச் செய்த கல்யாணத்துக்கே இந்தத் தண்டனை என்றால், பதினாறு வயதுப் பெண் அசட்டுத்தனம் செய்ய ஏது இடம்? அவளுக்கும் மனசு எங்காவது ஒட்டத்தானே செய்யும்? அவளும் தப்பான ஆளைப் பார்த்துப் பெருமூச்சு விடத்தானே செய்வாள்?

அழியாத கோலங்களிலிருந்து வாழை வரை மேலே புகழ்ந்த தமிழ்ப் படங்களில் பெரும்பாலானவற்றுக்கு உள்ள குறை இதுதான். எல்லாம் பையனின் கண்வழியே வருகின்றன. டீச்சர் அழகாக வருகிறார், சிரிக்கிறார், போகிறார். அவர் சம்பளம் என்ன, பஸ்ஸில் அவர் பின்னால் யார் வருகிறார்கள் என்று எந்தப் படமும் கேட்டதில்லை. மல்லிப்பட்டினத்துச் செய்தியைப் படித்த பிறகு, கைக்குட்டைக் காட்சியை முன்போல் சிரித்துக்கொண்டே பார்க்க நம்மால் முடியவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். படத்தின் மேல் குற்றமில்லை, காலத்தின் மேல்.

பெண்ணின் கண்வழியே சொல்ல 2025இல் ஒரு முயற்சி நடந்தது. வர்ஷா பரத் என்ற இளம் பெண் இயக்கிய 'பேட் கேர்ள்'. பள்ளிப் பருவத்திலிருந்து ஒரு பெண் தப்புத் தப்பாகக் காதலித்துத் தானே தடுமாறித் தானே எழுந்து வரும் கதை. ராட்டர்டாம் பட விழாவில் நெட்பேக் பரிசு பெற்றது. இங்கே நடந்தது என்ன? ஜனவரியில் முன்னோட்டம் வந்ததுமே, ஒரு சாதியைக் கேவலப்படுத்திவிட்டார்கள் என்றும் சிறார்களைத் தவறாகக் காட்டிவிட்டார்கள் என்றும் கூச்சல். முன்னோட்டத்தை யூடியூப்பிலிருந்து நீக்கும்படி மதுரை உயர் நீதிமன்றக் கிளை உத்தரவிட்டது. செப்டம்பரில்தான் படம் திரைக்கு வந்தது. பையன் பெண்ணைத் துரத்தும் படங்களுக்கு இவ்வளவு கூச்சல் எழுந்ததாக நமக்கு நினைவில்லை.

திருவையாற்றில் தியாகராஜர் சமாதிக்குப் போகிறவர்கள், அதன் எதிரே அமர்ந்திருக்கும் ஒரு அம்மையாரின் சிலையைப் பார்த்திருப்பார்கள். பெங்களூர் நாகரத்தினம்மாள். அந்தச் சமாதிக் கோயிலைத் தம் சொந்தப் பணத்தில் எழுப்பியவர். ஆராதனையில் பெண்கள் பாடக் கூடாது என்று வித்வான்கள் தடுத்தபோது, பெண்களைத் திரட்டித் தனியே ஆராதனை நடத்தியவர். அவரே 1910இல், முத்துப்பழனி என்ற தஞ்சை அரசவைப் பெண் கவியின் சிருங்கார காவியம் ஒன்றைப் பதிப்பித்தார். ஒரு பெண் காதலைப் பற்றி எழுதியதை இன்னொரு பெண் அச்சுப் போட்டது ஆபாசம் என்று வெள்ளைக்காரச் சர்க்கார் அதைத் தடை செய்தது. 1947இல் பிரகாசம் பந்துலு காலத்தில்தான் தடை நீங்கியது. சிலைக்கு மாலை போடுகிறவர்கள் இந்தக் கதையைச் சொல்வதில்லை.

தடை நமக்கு வேண்டாம். தப்பான படத்துக்கும் வேண்டாம். நல்ல படம் நாலு பேர் கண்ணில் பட வழி வேண்டும். அந்த வழிதான் அடைபட்டிருக்கிறது. இது புதுக்கதையும் அல்ல. 1960இல் நிமாய் கோஷ் இயக்கி எம்.பி. சீனிவாசன் இசையமைத்த 'பாதை தெரியுது பார்' படத்தைப் பலர் பங்கு போட்டு எடுத்தார்கள். எடுத்த கைகளால் அதை ஜனங்களிடம் சரியாகக் கொண்டு சேர்க்க முடியவில்லை. வினியோகம் வேறு கைகளில் இருந்தது. கேரளத்தில் ஜான் ஆபிரகாமும் நண்பர்களும் 1984இல் ஒடேசா என்ற குழுவைத் தொடங்கி, ஊர் ஊராகப் படம் காட்டி, ஜனங்களிடம் துண்டேந்திப் பணம் திரட்டி, 1986இல் 'அம்ம அறியான்' எடுத்தார்கள். காட்டியதும் அப்படியே, ஊர் ஊராக. அந்த மாநில சர்க்காருக்குச் சொந்தமாகத் தியேட்டர்கள் இருக்கின்றன. 2024 மார்ச்சில் 'சி ஸ்பேஸ்' என்று இணைய வழியில் படம் காட்டும் தளத்தையும் சர்க்காரே ஆரம்பித்தது. தமிழ்நாட்டில் இது ஏன் முடியாது? சிறு படத்துக்கு மானியம் கொடுத்துவிட்டு, அது ஓடக் கொட்டகை இல்லாமல் விடுவது, நாற்றங்காலுக்கு விதை கொடுத்துவிட்டு மதகை அடைப்பது போல.

சர்க்கார் செய்யும் வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. வாலிபர் சங்கமும் மாதர் சங்கமும் இருக்கிற ஊரில் மாதம் ஒரு படம், முறையாக அனுமதி பெற்று, காட்ட முடியும். படம் முடிந்ததும் எழுந்து போய்விடாமல் அரை மணி நேரம் பேச வேண்டும். திண்ணையில் அன்று அதுதான் நடந்தது. டீக்கடைப் பையனும் வந்திருந்தான். சுவரோரமாக நின்று பார்த்தான். விபத்துக் காட்சிக்குப் பிறகு பேச்சு கூலியைப் பற்றியும் லாரியைப் பற்றியும் போயிற்று. தார் மேல் உட்கார்ந்து இன்றைக்கும் ஆட்கள் போவதைப் பலர் சொன்னார்கள். அவன் ஒன்றும் பேசவில்லை. கலைந்து போகும்போது மட்டும், "அந்த டீச்சருக்கு இவன் நெனச்சது தெரியுமா, தெரியாதா?" என்று நம்மிடம் கேட்டான். உனக்கு என்ன தோன்றுகிறது என்று கேட்டோம். "தெரிஞ்சாலும் தெரியாத மாதிரிதான் இருப்பாங்க. பயமா இருக்கும்ல?" என்றான்.

ஒரு தவறு செய்துவிட்டோம். அன்று திண்ணைக்கு வந்தவர்களில் பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகள் ஒருவர்கூட இல்லை. இரவு எட்டரைக்குத் தொடங்கினால் எந்த வீட்டில் அனுப்புவார்கள்? முடிகிற நேரத்தில் பக்கத்துக் கிராமங்களுக்குப் போக பஸ்ஸும் கிடைக்காது. அடுத்த படம் ஞாயிற்றுக்கிழமை பகல் இரண்டு மணிக்கு. மாதர் சங்கத் தோழர்கள் வீடு வீடாகப் போய் அழைப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். எந்தப் படம் என்பதை அந்தப் பெண்களே சொல்லட்டும் என்று விட்டிருக்கிறோம்.